வெயில் வயல் – 9: மெயினை அணைத்தாலும் அணையாத மின்சாரம்

தீ விபத்து நடந்த இடத்தில் வண்டியிலிருந்து குதித்து இறங்கும் தீயணைப்பு வீரர் முதலில் கேட்பது, எந்த ஊரானாலும், ஏறக்குறைய ஒரே கேள்விதான்: “மெயினை ஆஃப் பண்ணியாச்சா?” ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் தண்ணீர். சோலார் பண்ணையின் வாசலில் இந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில், “பாதி ஆச்சு.”

2019 ஜூன் 5. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில் உள்ள கரீசோ சமவெளி. குளிர்கால மழைக்கு முளைக்கும் புல், ஜூன் பிறப்பதற்குள் காய்ந்து சருகாகிவிடும் நிலம். அங்கே இருக்கிறது 250 மெகாவாட் திறன் கொண்ட ‘கலிபோர்னியா வேலி சோலார் ரேஞ்ச்’. அன்று ஒரு பறவை மின்கம்பியில் மோதியது. பொறி கீழே விழுந்தது. புல் பற்றிக்கொண்டது. தீ அடங்கியபோது 1,127 ஏக்கர் கருகியிருந்தது. கோப்புகளில் இதற்கு வைத்த பெயர் ‘பறவைச் சம்பவம்’. செத்துப்போன பறவை மறுப்பா தெரிவிக்கப் போகிறது?

வேடிக்கை என்னவென்றால், பேனல்களுக்குச் சேதமில்லை. எரிந்தவை மின்கம்பங்களும் கேபிள்களும். ஆனாலும் நிலையத்தின் உற்பத்தித் திறன் 84 சதவீதம் குறைந்தது. நஷ்டம் 80 முதல் 90 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். வெயில் இருக்கிறது, பேனல் இருக்கிறது, கரண்ட்டை வெளியே கொண்டுபோக வழியில்லை.

பேனல் என்பது பெரும்பாலும் கண்ணாடியும் அலுமினியமும். எரியக்கூடியது அதன் பின்பக்க பிளாஸ்டிக், ஒயர்களின் உறை, அதற்கும் மேலாகக் காலடியில் கிடக்கும் புல். அதனால்தான் அதே சமவெளியில் உள்ள டோபாஸ் சோலார் பண்ணையில் ஆடுகளை மேய விடுகிறார்கள். புல் வெட்டும் மெஷினின் பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். ஆட்டின் பல்லில் அந்த வம்பு இல்லை.

எல்லாத் தீயையும் பறவை தலையில் கட்ட முடியாது. பண்ணைக்குள்ளேயே பொறி பிறக்கும் இடங்கள் உண்டு. அவற்றில் மோசமானது, இரண்டு ஒயர்கள் சேரும் கனெக்டர். சரியாக அழுத்திப் பொருத்தாதது, ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறொரு கம்பெனியின் பெண் முனையோடு சேர்த்தது, உள்ளே ஈரம் இறங்கியது – இப்படி ஏதோ ஒன்றால் சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் தாவுகிறது. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், அப்படித் தாவும் பொறி தானாக அணைய வாய்ப்பு இருக்கிறது. பேனலிலிருந்து வரும் டி.சி. அப்படி மூச்சு வாங்குவதே இல்லை. பற்றினால் பற்றியதுதான், பக்கத்தில் இருக்கும் உலோகம் உருகும்வரை எரியும்.

ஃபியூஸ் போகாதா? இங்கேதான் சிக்கல். சோலார் பேனலை ஷார்ட் செய்தால்கூட, வழக்கமாக ஓடுவதைவிடச் சற்றுக் கூடுதலான கரண்ட்தான் ஓடும். பெருவெள்ளம் வந்தால் முறிவதற்காகக் கட்டிய அணைக்கு, கொஞ்சம் ஏறிய நீர்மட்டம் கண்ணில் படாது. 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பெரிய கடையின் கூரையில் இருந்த 383 கிலோவாட் சோலார் அமைப்பு இப்படித்தான் எரிந்தது. முதலில் நடந்த மின்கசிவு சிறியது. பாதுகாப்பு ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. யாருக்கும் தெரியாமல் அது அப்படியே கிடந்தது. பிறகு வேறோர் இடத்தில் இரண்டாவது கசிவு ஏற்பட்டதும், இரண்டும் கைகோத்துக்கொண்டன.

சரி, தீ பிடித்துவிட்டது. வீரர்கள் வந்துவிட்டார்கள். டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தால் வெளியே போகும் ஏ.சி. நிற்கும். ஆனால் வரிசையாகக் கோத்த பேனல்களில் 1,000, புதிய பண்ணைகளில் 1,500 வோல்ட் டி.சி. அப்படியே நிற்கிறது. வெயில் அடிக்கும்வரை நிற்கும். உடைந்து, பாதி எரிந்த பேனலும் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தரும்.

இதையெல்லாம் அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் நெருப்பு வைத்தே சோதித்துப் பார்த்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. 1,000 வோல்ட் வரை உள்ள அமைப்பின்மேல் நேர்த்தாரையாகத் தண்ணீர் அடிப்பதானால் 20 அடி தள்ளி நிற்க வேண்டும். தண்ணீரை விரித்துத் தூவலாக அடித்தால் 5 அடி போதும். நுரை அடித்து பேனலை மூடலாமே என்றால், நுரை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. தார்ப்பாய் போட்டு மூடலாம், ஆனால் எல்லாத் தார்ப்பாயும் வெளிச்சத்தை முழுக்க மறைப்பதில்லை. ராத்திரி என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் அந்த அறிக்கையில் செய்தி உண்டு: தீயணைப்பு வண்டி தன் வேலைக்காகப் போடும் பெரிய விளக்கே பேனலை எழுப்பிவிடும். நனைந்த கையுறையையும் பூட்ஸையும் நம்ப வேண்டாம் என்கிறது அது.

2013 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் டெலான்கோவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தபோது, கூரையில் 7,000க்கும் மேற்பட்ட பேனல்கள் இருந்ததால் ஆட்களை மேலே ஏற்ற மறுத்தார் தீயணைப்புத் தலைவர். கிடங்கு போனது, ஆட்கள் தப்பினார்கள். பின்னாளில் அமெரிக்க மின் விதிகள் கட்டடங்களின்மேல் இருக்கும் பேனல்களுக்கு ‘விரைவு நிறுத்தம்’ கொண்டுவந்தன. 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பேனல் வரிசைக்குள்ளேயே 30 வினாடியில் 80 வோல்ட்டுக்கு இறங்கிவிட வேண்டும். வயல்வெளிப் பண்ணைக்கு அந்த விதி இல்லை. கூரைமேல் ஏற வேண்டியதில்லை, தள்ளி நின்றால் போதும் என்ற கணக்கு. தள்ளி நிற்பது எவ்வளவு தூரம், வரிசைகளுக்கு நடுவே வண்டி நுழையுமா, எந்த சுவிட்ச் எந்தப் பகுதியை அணைக்கும் என்பதெல்லாம் வாசலில் மாட்டிய வரைபடத்தில் இருந்தால் உண்டு. இல்லையென்றால், நடுராத்திரியில் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று யாருக்காவது போன் போட வேண்டியதுதான்.

பகலில் சேர்த்ததை இரவில் கொடுக்க, இப்போது பேட்டரிக் கொட்டகைகளும் முளைக்கின்றன. அரிசோனாவில் ஒன்று, ஊரின் பெயரே ‘சர்ப்ரைஸ்’. உள்ளே 27 அடுக்குகளில் 10,584 லித்தியம் செல்கள். 2019 ஏப்ரல் 19 மாலை அதிலிருந்து வெண்புகை கசிந்தது. தீ எதுவும் தெரியவில்லை. வாயுவின் அளவைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்த வீரர்கள், இரவு எட்டு மணிவாக்கில் கதவைத் திறந்தார்கள்.

(அடுத்த வாரம்: அந்தக் கதவுக்குப் பின்னால்)