வெள்ளை காருக்கு டார்க் வீல்... பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

உங்க வீட்டு வாசல்ல நிக்கிற வெள்ளை காரை, பத்தடி தள்ளி நின்னு ஒரு நிமிஷம் பாருங்க. பாடி பளிச்சுனு இருக்கும். கண்ணாடி, கிரில், பம்பரோட கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பா இருக்கும். வீல் மட்டும் மங்கலான ஒரு சில்வர்ல, எதோடயும் சேராம நிக்கும். ‘இந்த வீலை கறுப்பாக்கிட்டா எப்படி இருக்கும்?’ என்கிற ஆசை பலருக்கும் வருவது இந்த இடத்தில்தான்.

ஆசையில் தப்பே இல்லை. கார் கம்பெனிகளே அந்த ஆசையைத்தான் காசாக்குகின்றன. டாடா 2019-ல் ஹாரியருக்கு டார்க் எடிஷன் கொண்டு வந்தது. ஹூண்டாய் 2022-ல் கிரெட்டாவுக்கு நைட் எடிஷன் கொண்டு வந்தது. இரண்டிலும் வீல் டார்க் கலர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்தக் காரிலும் விலை குறைந்த வேரியன்ட்டில் கறுப்பு ஸ்டீல் வீல்தான் பெரும்பாலும் வரும். அதைப் பார்த்தால் ‘பேஸ் மாடல்’ என்று தெரிந்துவிடுமே என்று, அதன்மேல் சில்வர் வீல் கவர் மாட்டி மறைத்தோம். இப்போது காசு கொடுத்து அலாய் வீலைக் கறுப்பாக்குகிறோம்!

நானும் அப்படி ஆசைப்பட்டவன்தான். சில வருஷங்களுக்கு முன்னால் என் வெள்ளை ஹேட்ச்பேக்கின் நாலு வீலையும் மேட் பிளாக் அடிக்கக் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க செம கெத்தா இருந்தது. அடுத்த வாரம் குடும்பத்தோடு திண்டிவனம் பக்கம் போகும்போது, செங்கல்பட்டு தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ‘டொக்... டொக்...’ என்று ஒரு சத்தம். ஏதோ கல் சிக்கியிருக்கும் என்று ஓரங்கட்டிப் பார்த்தால், இடதுபக்கப் பின் வீலில் இருக்கும் நாலு நட்டில் இரண்டைக் கையாலேயே சுற்ற முடிந்தது. அந்த வீலுக்கு நேர் மேலே பின் சீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

நட்டுக்கும் பெயின்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நட்டை யாரும் சரியாக முடுக்காமல் விட்டுவிடவில்லை. பிரச்னை, அடித்த பெயின்ட்டில் இருந்தது. வீல் நட்டை இறுக்கும்போது, அது பிடித்திருக்கும் போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபடும். இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி அது திரும்பிச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது. நட் உட்காரும் குழியிலும், வீலின் பின்பக்கம் ஹப்போடு ஒட்டும் வட்டத்திலும் பெயின்ட்டைத் தடிமனாக அடித்துவிட்டால் என்ன ஆகும்? நட், உலோகத்துக்குப் பதில் பெயின்ட்டின் மேல் உட்காருகிறது. கார் ஓட ஓட, பிரேக் சூட்டில் அந்தப் பெயின்ட் நசுங்கும், உதிரும். மெல்லிய ஓர் அடுக்கு காணாமல் போனாலே போதும், போல்ட்டின் இழுவிசை தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு நட் தானாகக் கழலுவதற்கு எதுவும் தடை இல்லை.

அதனால், வீலை யாரிடம் கொடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டியது: “நட் உட்கார்ற இடத்துலயும், பின்னாடி ஹப் ஒட்டுற இடத்துலயும் பெயின்ட் படக் கூடாதுண்ணே. டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிங்க.” இதைக் கேட்டு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று சிரிப்பவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள். நல்ல பெயின்டர், நீங்கள் சொல்வதற்கு முன்பே நட் குழிகளில் அடைப்பான் வைத்திருப்பார்.

எந்தக் கறுப்பு?

டார்க் என்றதும் பலரும் பளபள கறுப்பைத்தான் நினைக்கிறார்கள். வெள்ளை காரில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. டயரும் கறுப்பு, வீலும் கறுப்பு என்றால், தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்போக் டிசைன் எதுவும் தெரியாது. 14 இன்ச், 15 இன்ச் மாதிரி சின்ன வீல் என்றால், இன்னும் சின்னதாகத் தெரியும். வெள்ளைப் பாடியில் நாலு ஓட்டை போட்ட மாதிரி இருக்கும். வெளிர் நிற வீல் எப்போதும் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான்.

என் ஓட்டு கன்மெட்டலுக்கு. கருஞ்சாம்பல் நிறம், வெயிலில் லேசாக மின்னும், நிழலில் கறுப்பாகத் தெரியும். ஸ்போக்கின் வளைவுகள் கண்ணுக்குத் தெரியும், அதே சமயம் வெள்ளையோடு எடுப்பாகவும் இருக்கும். இன்னொரு லாபம், அழுக்கு. முன் பிரேக் பேடிலிருந்து உதிரும் சாம்பல் நிறத் தூள் கன்மெட்டலில் அவ்வளவாகத் தெரியாது. பளபள கறுப்பில் ஒரு விரல் ரேகைகூடத் தெரியும். செம்மண் பூமியில் ஓட்டுபவர்கள் அதைத் தினமும் துடைக்க வேண்டியிருக்கும். மேட் பிளாக் பார்க்க முரட்டுத்தனமாக அழகு. ஆனால், கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது, அந்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்டேஷனரி கடையில் கறுப்பிலும் கருஞ்சாம்பலிலும் சார்ட் பேப்பர் வாங்கி, வீல் அளவுக்கு வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். பரவாயில்லை.

உங்கள் வீல் என்ன வகை?

ஸ்டீல் வீல் என்றால் கவலை குறைவு. துருவை உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்துவிட்டு அடிக்கலாம். சாதாரண அலாய் என்றாலும் சரிதான். முகம் வெட்டிப் பளபளக்கும் டயமண்ட் கட் அலாய் என்றால் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். அந்தப் பளபளப்பு, லேத்தில் வைத்துச் சீவி எடுத்தது. அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால், பழைய தோற்றம் வேண்டுமென்று மனசு மாறும்போது மறுபடியும் லேத்தில்தான் சீவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீலின் உலோகம் கொஞ்சம் போகும்.

வீல் கவர் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைக் கழற்றி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கொடுத்து அடித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் புது கவர் வாங்கிவிடலாம். முதல்முறை முயற்சி செய்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த ரிஸ்க் வேறு இல்லை.

எந்த வீலாக இருந்தாலும், பெயின்ட்டுக்கு முன் டயரைக் கழற்றி, வீலை நன்றாகக் கழுவி, உள்பக்கத்தையும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊர்ப் பள்ளங்களில் அடி வாங்கி நெளிந்து, தட்டிச் சரிசெய்த வீல்கள் நிறைய உண்டு. தட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், பெயின்ட் அதை மறைக்குமே தவிர, ஒட்டவைக்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள்: நாலு வீலில் ஒன்றில் மட்டும் புது பெயின்ட் மின்னினால், ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

பவுடர் கோட்டிங்கா, ஸ்ப்ரேயா?

பவுடர் கோட்டிங்கில் பொடியாக இருக்கும் பெயின்ட்டை மின்னூட்டத்தின் மூலம் வீலில் ஒட்டவைத்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து உருக்குவார்கள். கல் தெறித்தாலும் சீக்கிரம் உதிராது. ஆனால், அலாய் வீலை வார்த்த பிறகு, வலு ஏறுவதற்காகத் தொழிற்சாலையில் ஏறக்குறைய 150, 160 டிகிரியில் பல மணி நேரம் பக்குவப்படுத்துவார்கள். அதைவிட அதிகச் சூட்டில் நீண்ட நேரம் வைத்தால், ஏறிய வலு இறங்க ஆரம்பிக்கும். ஒரு தடவை, குறைந்த நேரம் என்றால் பயப்பட வேண்டாம். பழைய கோட்டிங்கை எரித்து எடுப்பது, திரும்பத் திரும்ப அடுப்பில் வைப்பது இதெல்லாம்தான் ஆபத்து. ‘எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டயர் பிரஷர் சென்சார் இருக்கும் கார் என்றால், வீல் அடுப்புக்குப் போகும் முன் அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஸ்ப்ரே பெயின்ட்டுக்கு அடுப்பு வேண்டாம். பாடிக்கு அடிப்பது போலவே பிரைமர், கலர், மேலே கிளியர் கோட் என மூன்று அடுக்கு. இதன் ஆயுள் முழுக்க முழுக்க தயாரிப்பு வேலையில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் டயர் பாலிஷின் சிலிகானும் கொஞ்சம் மிச்சமிருந்தாலும், மூன்று மாதத்தில் தோல் உரிவது போல உரியும்.

வீட்டிலேயே ஸ்ப்ரே டப்பாவில் அடிக்கப் போகிறீர்களா? தாராளமாக. முதலில் கழுவிக் காயவைத்து, 320 நம்பர் எமரி பேப்பரில் தேய்த்து, 600-ல் முடியுங்கள். டயரைக் கழற்றவில்லை என்றால், டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய சீட்டுக்கட்டு அட்டைகளை வரிசையாகச் செருகுங்கள். மாஸ்கிங் டேப்பைவிட இது வேகம். டப்பாவை ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் பிடித்து, மெல்லிய கோட்டாக, இடைவெளி விட்டு அடியுங்கள். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும்.

நேரம் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் கிளியர் கோட் பால் படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். ஆடிக்காற்றில் மொட்டைமாடியில் அடித்தால், தெருப் புழுதி முழுக்க உங்கள் வீலில். சித்திரை மத்தியானத்தில் பெயின்ட் வீலில் படும் முன்பே காய்ந்து, சொரசொரப்பாகும். தை, மாசிக் காலை நேரம் சரியாக இருக்கும். கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அது மூச்சுக்குழாயைப் பதம்பார்த்து ஆஸ்துமாவையே வரவைக்கக்கூடியது. துணி மாஸ்க் அதற்குப் போதவே போதாது. அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் பெயின்ட் படவே கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

‘கறுப்பு வீல் வெயிலில் சூடாகி டயர் வெடிச்சுடுமாமே?’ என்று என் மாமா கேட்டார். டயரே கறுப்புதானே மாமா! வீலுக்கு ஏறும் சூட்டில் பெரும்பங்கு பிரேக்கிலிருந்து வருவது. டயர் வெடிப்பதற்கு காற்று குறைவு, ஓவர்லோடு, வயசான டயர் இவைதான் வழக்கமான காரணங்கள். கலரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆர்.சி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் பதிவாவது பாடியின் கலர். பாடி கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ-வில் சொல்ல வேண்டும். வீலின் கலருக்கு அதில் இடமே இல்லை.

மாட்டிய பிறகு

பெயின்ட் முடிந்த வீலைக் குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் டயர் ஏற்ற வேண்டும். டயர் ஏற்றியதும் வீல் பேலன்ஸிங் கட்டாயம். அலாய்க்கு விளிம்பில் அடிக்கும் எடை வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் எடை போடச் சொல்லுங்கள். புது பெயின்ட் தப்பிக்கும்.

நட்டை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் முடுக்க வேண்டும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில். (இந்த ‘டார்க்’ கலர் இல்லைங்க, முறுக்குவிசை!) பெரும்பாலான சின்ன கார்களுக்கு இது 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கூடவே வந்த கையேட்டில் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் நட்டுக்குப் பதில் போல்ட் வரும், விஷயம் ஒன்றுதான். ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பது, காற்றுத் துப்பாக்கியில் ‘டர்ர்ர்’ என்று விடுவது இரண்டும் வேண்டாம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது ஒரு தடவை எல்லா நட்டையும் மறுபடி சோதியுங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்ட வேலை இதுதான்.

முதல் இரண்டு வாரம் வாட்டர் வாஷ் பக்கம் போகாதீர்கள். அதற்குப் பிறகும் ஆசிட் கலந்த கிளீனரை வீலில் அடிக்க விடாதீர்கள், ஷாம்பு போதும். கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். கல் பட்டுக் கிளியர் கோட்டில் விழுந்த சின்ன ஓட்டை வழியாக உப்பு உள்ளே போனால், பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடு படரும்.

அப்புறம், ஸ்டெப்னியையும் அடிக்கணுமா என்று கேட்பார்கள். டிக்கிக்குள் கிடப்பதற்கு எதற்கு வீண் செலவு? அந்தக் காசில் அதற்குக் காற்று பிடித்து வையுங்கள். நான் இரண்டாவது தடவை, வேறு பட்டறையில், நட் குழிக்கு டேப் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, நாலு வீலுக்கு மட்டும் கன்மெட்டல் அடித்துக்கொண்டேன். போன மாசம் பஞ்சராகி, ரெண்டு நாள் மூணு கன்மெட்டல், ஒரு சில்வரோடு ஓட்டினேன். ஆபீஸில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.