காலை இழக்குமுன் ஒரு கேள்வி

வையம்பட்டியில் எங்கள் பள்ளிவாசலுக்கு ஐவேளையும் நடந்தே வரும் பெரியவர் ஒருவர், சில மாதங்களாக வழியில் நின்று நின்று வந்தார். "கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது ஹஜ்ரத்! சற்று நின்றால் விட்டுவிடுகிறது. வயதாகிவிட்டதல்லவா!" என்றார். பின்னர் ஒரு நாள் ஒளுச் செய்கையில், அவர் கால்விரலில் ஆறாத புண்ணைக் கண்டேன்.

இதற்குக் காரணம் முதுமை மட்டுமன்று. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், நடக்கும்போது தசைக்குப் போதிய இரத்தம் எட்டாது, வலிக்கும். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும், புண் ஆறாது, விரல் கறுக்கும். புகை பிடிப்போரையும் நீரிழிவு உள்ளோரையும் இந்நோய் அதிகம் தாக்குகிறது. நீரிழிவால் மரத்த காலில் வலியே தெரியாமலும் போகலாம்.

இந்நிலையில் காலை எடுப்பது ஒன்றே வழியா?

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டி ஒருவர் காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. டாக்டர் சார்லஸ் டாட்டர் அவருடைய தொடை இரத்தக் குழாயினுள் மெல்லிய குழலைச் செலுத்தி, குறுகிய இடத்தை விரித்தார். குளிர்ந்திருந்த பாதம் வெதுவெதுப்படைந்தது; புண் ஆறியது. மூதாட்டியின் கால் தப்பியது. 1974-இல் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதற்குப் பலூனைப் பயன்படுத்தினார். இருதயத்திற்கு உரியதென நாம் எண்ணும் ஆஞ்சியோபிளாஸ்டி முதலில் காலுக்கே செய்யப்பட்டது! இருதயத்திற்கு வந்தது 1977-இல்தான்.

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தொடை இடுக்கின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்துவர். அதன்மேல் பலூனைக் கொண்டு சென்று, அடைப்புள்ள இடத்தில் விரிப்பர். தேவையானால் ஸ்டென்ட் என்னும் வலைக்குழலையும் வைப்பர். எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்கு பைபாஸ் அறுவை தேவைப்படும். திறந்த குழாய் மீண்டும் அடைபடவும் கூடும். ஆகவே புகையை விடுதலும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துதலும், மருந்தைத் தொடர்தலும் கட்டாயம்.

சகோதர சகோதரிகளே! கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவதும், டாப்ளர் ஸ்கேனும் அடைப்பைக் காட்டிவிடும். காலை எடுக்க வேண்டும் என்று எவர் கூறினாலும், "இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தாயிற்றா? அடைப்பைத் திறக்க இயலுமா?" என்று கேளுங்கள். ஆனால் கேட்பதற்காக நாளைக் கடத்தாதீர்கள். கறுத்த விரலுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

எங்கள் பெரியவர் திருச்சிக்குச் சென்று சிகிச்சை பெற்றார். ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்! நாள்தோறும் ஐந்து முறை பாதங்களைக் கழுவும் நாம், கழுவும்போதே அவற்றைச் சற்று உற்றுப் பார்க்கலாகாதா?