துணைவன் கையில் சிக்கிய கருத்தடை
அடிக்கும் துணைவனோடு வாழும் பெண்ணுக்குக் கருத்தடை பல நேரம் அவள் விருப்பப்படி அமைவதில்லை. மாத்திரையைப் பறித்து எறிவது, ஆணுறையை வேண்டுமென்றே கிழிப்பது, பிள்ளை பெறாவிட்டால் விட்டுப்போவேன் என மிரட்டுவது எல்லாமே வன்முறைதான். வடக்கு கலிஃபோர்னியாவின் 5 குடும்பநல மருத்துவமனைகளுக்கு வந்த 16 முதல் 29 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அவர்களில் 19 சதவீதத்தினரைக் கருத்தரிக்கும்படி துணைவர் நெருக்கியிருந்தார். 15 சதவீதத்தினரின் கருத்தடையையே கெடுத்திருந்தார். ஆணுறை கேட்டால் சந்தேகமும் அடியும் வருமோ என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிடும் பெண்களும் உண்டு.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2013-இல், இதுபற்றிப் பெண்ணிடம் தனியே விசாரிக்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும், நூலை ஒட்ட நறுக்கிய காப்பர்-டியும் துணைவன் கண்ணில் எளிதில் படாதவை. ஊசியால் மாதவிடாய் நின்றுபோனால் அதுவே காட்டிக்கொடுக்கலாம். துணைவன் மாதவிடாயைக் கண்காணிக்கும் வீட்டில் காப்பர்-டியே பாதுகாப்பு.