செயற்கூற்று அணியும் வேற்றுமை வைப்புமுறையும்

இலக்கண நூலார் வேற்றுமைகளை உருபாலன்றி எண்ணாலும் சுட்டினர். ‘இரண்டாம் வேற்றுமை’ என்ற அளவிலேயே ஐயுருபும் செயப்படுபொருளும் கற்பார் உள்ளத்துத் தோன்றும். வரிசையிற் பெற்ற இடமே ஒன்றனை அழைத்தற்குப் போதுமாதல் இம்முறையின் பயன். நுண்கட்டுப்படுத்திகளுக்கு நிரல் எழுதுவாரும் இதனையொத்த முறையொன்றைக் கையாளுகின்றனர். அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரு சில்லினுள் அடங்கிய சிறு கணிப்பொறி. அதற்கு எழுதும் நிரலுள், ஒரு தொழிலை முடிக்கும் பகுதி செயற்கூறு எனப்படும். ஓரினப் பொருள்களை வரிசைப்பட நிறுத்துவது அணி எனப்படும். செயற்கூறுகளின் அணி என்புழி, செயற்கூறுகளே அணியுள் அமைவதில்லை. அவை நிற்கும் இடங்களின் முகவரிகளே அமைகின்றன. முகவரியைத் தாங்குவதனைச் ‘சுட்டு’ என்பர். பொருளைத் தான் தாங்காது, அது நிற்கும் இடத்தைக் காட்டுதலின் அப்பெயர் பொருத்தமுடைத்து.

தேங்காய்த்திட்டில் ஒரு வீட்டின் மாடித் தொட்டிக்கு நீரேற்றும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓய்ந்திருத்தல், நீரேற்றல், தொட்டி நிறைந்தவழி நிறுத்தல், கீழே நீர் வற்றியவழி மோட்டாரைக் காத்தல் என அதன் தொழில் நான்கு. ‘இந்நிலையோ, அந்நிலையோ’ என ஒவ்வொன்றாய் வினவிச் செல்வது ஒரு முறை. நான்கன் சுட்டுகளையும் அணியில் நிறுத்தி, நிலையெண் கொண்டு உரியதனை நேரே அழைப்பது மற்றொரு முறை. இதன்கண் தொழில் நாற்பதாயினும் அழைக்கும் முயற்சி ஒன்றே. ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லில் ஒரு சுட்டிற்கு 2 பைட்டு. நான்கிற்கும் 8 பைட்டே வேண்டும். அதன் தரவு நினைவகம் முழுவதும் 2,048 பைட்டே ஆதலின் இச்சுருக்கம் கருதத்தக்கது.

எனினும் இடர் ஒன்று உண்டு. சி மொழியில் அணியின் எண் சுழியத்தில் தொடங்கும். ஆகவே நான்காம் தொழிலின் எண் 3. இலக்கண முறையே கருதி 4 என எழுதின் அழைப்பு அணியின் எல்லையைக் கடக்கும். அம்மொழி அதனைத் தானே ஆராயாது. அங்குக் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை முகவரியாகக் கொண்டு பொறி தாவும். காக்கும் செயற்கூறு அழைக்கப்படாமையின், நீரின்றி ஓடும் மோட்டார் எரிந்துபோதலும் கூடும். வரிசையின் இடையே புதிய செயற்கூறு ஒன்றைச் செருகி எண்களை மாற்றாது விடினும் பிழையே விளையும்.

தொல்காப்பியர் வேற்றுமை ஏழெனவும் விளியொடு எட்டெனவும் முன்னர்த் தொகை கூறிப் பின்னரே வகை கூறினார். நிரலாளரும் அணியின் தொகையை வரையறுத்து, நிலையெண் அதனுள் அடங்குமா என ஆராய்ந்த பின்னரே அழைத்தல் வேண்டும். எண்களுக்குப் பெயரிட்டு வழங்குதலும் நன்று. உருபு மயங்கிய வழியும் பொருள் நோக்கி உணர்ந்துகொள்வர் மக்கள். வேற்றுமை மயங்கியல் அதற்குச் சான்று. பொறிக்கோ அவ்வுணர்வு இன்று. ஆதலின் அக்காவலை நிரலுள்ளேயே எழுதிவைத்தல் இன்றியமையாதது என்க.