பள்ளிக் கட்டிடங்களில் ரேடான் அளவீடு

பள்ளிக் கட்டிடங்களில் ரேடான் அளவீடு என்பது வகுப்பறைக் காற்றில் கலந்துள்ள ரேடான் என்னும் இயற்கைக் கதிரியக்க வளிமத்தின் செறிவைக் கண்டறியும் செயற்பாடு ஆகும். ரேடானுக்கு நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. எனவே கருவிகொண்டு அளந்தாலன்றி அதன் இருப்பை அறிய இயலாது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைக்கும் முறையை விளக்குகிறது.

பின்னணி

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்தின் சிதைவுத் தொடரில் ரேடியம்-226 உருவாகிறது. அது சிதைந்து ரேடான்-222 ஆகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 3.8 நாட்கள் ஆகும். திறந்த வெளியில் இவ்வளிமம் காற்றில் கலந்து நீர்த்துவிடுகிறது. கட்டிடங்களிலோ, தரையின் விரிசல்கள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் ஆகியவற்றின் வழியே புகுந்து தேங்குகிறது. ரேடான் சிதைவதால் உண்டாகும் பொலோனியம்-218 போன்ற திண்மத் துகள்கள் மூச்சுடன் சென்று நுரையீரலில் படிந்து, ஆல்ஃபா கதிர்களை வெளியிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் ரேடானை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

1984இல் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர் கதிரியக்க எச்சரிக்கைக் கருவியைக் கடந்தபோது அது ஒலித்தது. காரணம் அணுவுலை அன்று. அவர் வீட்டில் தேங்கியிருந்த ரேடானே எனத் தெரியவந்தது. இதன்பின் கட்டிடங்களின் உட்புற ரேடான் பரவலாகக் கவனிக்கப்பட்டது. 1988இல் அமெரிக்கக் காங்கிரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது.

அலகும் வரம்பும்

ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல் ஆகும். அமெரிக்காவில் பிக்கோகியூரி/லிட்டர் என்ற அலகு வழங்குகிறது. இது 37 பெக்கரல்/கன மீட்டருக்குச் சமம். அங்கு நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 4 பிக்கோகியூரி/லிட்டர் (148 பெக்கரல்/கன மீட்டர்) ஆகும். உலக சுகாதார அமைப்பு 2009இல் 100 பெக்கரல்/கன மீட்டரைப் பரிந்துரைத்தது.

கருவிகள்

* கரிக் குப்பி: கிளர்வுற்ற கரி சில நாட்களுக்கு ரேடானை ஈர்த்துக்கொள்ளும். பின்னர் ஆய்வகத்தில் அளக்கப்படும்.
* ஆல்ஃபா தடங்காணி: நெகிழித் துண்டில் ஆல்ஃபா துகள்கள் பதிக்கும் தடங்கள் எண்ணப்படும். 90 நாட்களுக்கு மேற்பட்ட நீண்டகால அளவீட்டுக்கு ஏற்றது.
* தொடர் அளவி: மணிக்கு மணி மாறும் செறிவைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி.

அளவிடும் முறை

அடுத்தடுத்த வகுப்பறைகளிலும் செறிவு பெரிதும் வேறுபடக்கூடும். எனவே ஓர் அறையை மட்டும் அளந்து பள்ளி முழுவதையும் பாதுகாப்பானது எனக் கொள்ள இயலாது. நிலத்தையொட்டி அமைந்த, அடிக்கடி பயன்படுத்தப்படும் அறைகள் அனைத்தும் அளக்கப்படுகின்றன. குளிர்மாதங்களில், பள்ளி நடைபெறும் நாட்களில், சன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடி, காற்றோட்ட எந்திரத்தை வழக்கம்போல் இயக்கிக் குறுங்கால அளவீடு செய்யப்படுகிறது.

முடிவுகளைப் புரிந்துகொள்ளல்

இரவிலும் விடுமுறையிலும் காற்றோட்ட எந்திரம் நிறுத்தப்பட்டால் ரேடான் செறிவு உயரக்கூடும். கரிக் குப்பி இந்நேரங்களையும் சேர்த்தே அளப்பதால், மாணவர்கள் இருக்கும் வேளையின் செறிவு அதனின்று வேறுபடலாம். தொடர் அளவி இவ்வேறுபாட்டைக் காட்டும். மேலும், ஒரே குறுங்கால அளவீட்டைக்கொண்டு முடிவு செய்யாமல், வரம்பை எட்டிய அறைகளில் மறு அளவீடு செய்யப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த தேசிய ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பள்ளியில் குறைந்தது ஓர் அறையிலாவது குறுங்கால அளவு வரம்பைத் தாண்டியிருக்கும் என மதிப்பிட்டது.

தணிப்பு

தரைக்கு அடியிலிருந்து காற்றைக் குழாய்வழி உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றுவதும், வெளிக்காற்றைக் கூடுதலாகச் செலுத்தி அறையின் அழுத்தத்தை உயர்த்துவதும் முதன்மையான வழிகள் ஆகும். விரிசல்களை அடைப்பது மட்டும் பொதுவாகப் போதுமானதன்று. சீரமைப்புக்குப் பின் மீண்டும் அளந்தே பயன் உறுதிசெய்யப்படுகிறது.