40 பேர் பார்த்த கச்சேரியும் ஒரே தெருவின் இரண்டு கதவுகளும்!

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஓல்டாம் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பிக்காடில்லி கார்டன்ஸ் பூங்காவுக்கு எதிரே தொடங்கி வடக்கே நீளும் பழைய செங்கல் கட்டடங்களின் வரிசை. சனிக்கிழமை மாலைகளில் இந்தத் தெருவில் ஒரு வகை ஆட்களைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். தோளில் துணிப்பை, அதன் வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் சதுர அட்டை. உள்ளே இருப்பது 12 அங்குல இசைத்தட்டு. மான்செஸ்டருக்கே உரிய தூறல் தொடங்கினால் குடையை விரிப்பது தலைக்காக அல்ல, அந்த அட்டைக்காகத்தான்!

இவர்கள் போகும் பாதையும் பழகிய பாதை. 53-ம் எண் கதவு, 'பிக்காடில்லி ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடை. பகலில் அங்கே. சில அடி தூரத்தில் 26-ம் எண் கதவு, 'நைட் அண்ட் டே கஃபே'. ஒரு காலத்தில் மீன் வறுவல் கடையாக இருந்த இடம். 1991 முதல் இசை கேட்கும் இடம். இரவில் அங்கே. கடையில் கேட்ட புதுக் குழுவை ராத்திரி மேடையில் பார்ப்பது, மேடையில் பார்த்த குழுவின் தட்டை மறுநாள் கடையில் தேடுவது. இண்டி இசை ரசிகரின் வாழ்க்கை இந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

'இண்டி' என்பது 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம். பெரிய இசை கம்பெனிகளின் பணம் இல்லாமல், சொந்தக் காசிலோ சின்ன நிறுவனங்களின் துணையோடோ பாட்டை வெளியிடும் குழுக்களுக்கு வந்த பெயர். பிறகு அதுவே ஒரு பாணியின் பெயராகிவிட்டது. ஆனால், பெயர் பிறந்த காரணம் பணம்தான். பாணி அல்ல.

அரை பவுண்ட் டிக்கெட்!

1976 ஜூன் 4. மான்செஸ்டரின் 'லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால்' என்ற சின்ன அரங்கில் லண்டனிலிருந்து வந்த 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் கச்சேரி. டிக்கெட் 50 பென்ஸ். ஏற்பாடு செய்தவர்கள் எந்தக் கம்பெனியும் இல்லை. ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள். பத்திரிகையில் ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, 'எங்க ஊருக்கு வாங்க' என்று கூப்பிட்டுவிட்டார்கள். தங்கள் குழுவான 'பஸ்காக்ஸ்' முதலில் வாசிக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால், அன்றைக்கு அவர்களாலேயே தயாராக முடியவில்லை.

வந்தவர்கள் சுமார் 40 பேர். அதில் பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். இந்த இருவரும் தொடங்கிய குழுதான் பின்னாளில் 'ஜாய் டிவிஷன்'. அதுவே பிறகு 'நியூ ஆர்டர்' ஆனது. கூட்டத்தில் இன்னொரு இளைஞர், மாரிஸ்ஸி. 'தி ஸ்மித்ஸ்' குழுவின் பாடகராக உலகம் அவரை அறிய இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

இன்றைக்கு 'நானும் அங்கே இருந்தேன்' என்று சொல்பவர்களை எல்லாம் உட்கார வைக்க ஒரு ஸ்டேடியம் தேவைப்படும். இதைப் பற்றி ஒரு புத்தகமே வந்தது. அதன் தலைப்பே 'சத்தியமா நான் அங்கே இருந்தேன்' என்ற அர்த்தத்தில்தான் இருக்கும்.

கச்சேரி நடத்தியவர்கள் அத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பஸ்காக்ஸ் குழு நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. செலவு 500 பவுண்ட். தெரிந்தவர்களிடமும் குடும்பத்திலும் புரட்டிய கடன். 'நியூ ஹார்மோன்ஸ்' என்று ஒரு லேபிளுக்குப் பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' வெளியானது. அட்டையில் இருப்பது போலராய்டு கேமராவில் எடுத்த ஒரு படம். பிக்காடில்லி கார்டன்ஸில் உள்ள ராபர்ட் பீல் சிலைக்குக் கீழே குழுவினர் நிற்பார்கள். ஓல்டாம் ஸ்ட்ரீட்டின் முனையிலிருந்து கூப்பிடு தூரம்.

முதலில் அச்சிட்டவை 1,000 தட்டுகள். 'இதாவது விற்குமா' என்பதுதான் பயம். கடைசியில் விற்றவை சுமார் 16,000. லண்டன் கம்பெனிகளின் வாசலில் காத்திருக்காமல் நாமே பாட்டு வெளியிடலாம் என்று நூற்றுக்கணக்கான குழுக்களுக்குத் தைரியம் கொடுத்த தட்டு இது.

சமையலறையில் கொடுத்த கேசட்

ஆனால், தட்டை அச்சடித்தால் மட்டும் போதுமா? யார் விற்பது? பெரிய கடைகளுக்குச் சரக்கு போட்டவை பெரிய கம்பெனிகள். அங்கே சொந்தக் காசில் அடித்த தட்டுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். இந்த இடத்தில்தான் சின்னக் கடைகள் வருகின்றன.

1976-ல் லண்டனின் மேற்குப் பகுதியில் ஜெஃப் ட்ராவிஸ் என்பவர் தொடங்கிய கடை 'ரஃப் ட்ரேட்'. இளைஞர்கள் கொண்டுவரும் தட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்தார். மற்ற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பிவைத்தார். 1978-ல் கடையே லேபிளாகவும் மாறியது. லாபத்தில் பாதி கலைஞனுக்கு, பாதி லேபிளுக்கு என்ற ஏற்பாடு அந்நாளில் பெரிய கம்பெனிகள் நினைத்தும் பார்க்காதது. பின்னாளில் ஊருக்கு ஊர் இருந்த கடைகள் சேர்ந்து 'தி கார்ட்டெல்' என்ற விநியோக வலையை உருவாக்கின.

1983-ல் மான்செஸ்டரிலிருந்து ரயிலேறி வந்த ஜானி மார், ரஃப் ட்ரேட் அலுவலகத்தின் சமையலறையில் ட்ராவிஸை மடக்கி, ஒரு கேசட்டைக் கையில் திணித்தார். தி ஸ்மித்ஸ் குழுவின் முதல் பாடல் அது. அடுத்த சில நாள்களில் ட்ராவிஸ் சம்மதம் சொல்லிவிட்டார். அந்த வாசலில் செக்யூரிட்டி யாரும் இல்லாததற்கு இசை உலகம் நன்றி சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரின் பிக்காடில்லி ரெக்கார்ட்ஸ் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான், 1978-ல். பிறகு ஓல்டாம் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது. இந்தக் கடையில் ரசிகர்களுக்குப் பிடித்தது அலமாரி அல்ல, தட்டுகளைப் பற்றி ஊழியர்கள் எழுதும் குறிப்புகள். எது நன்றாக இருக்கிறது, ஏன், இது எந்தக் குழுவின் சாயல் என்று நாலு வரி. ஆண்டு முடிவில் ஊழியர்களின் தேர்வுப் பட்டியலைத் தனிப் புத்தகமாகவே போடுவார்கள். கேட்காமலே அடுத்த பாட்டைத் தள்ளிவிடும் செல்போன் ஆப் ஒருபக்கம் இருக்கட்டும். 'போன மாசம் வாங்கினீங்களே, அது பிடிச்சதா?' என்று கவுன்டரில் நிற்பவர் கேட்பது வேறு அனுபவம்தானே?

சிடி, டவுன்லோடு என்று காலம் மாறியபோது இத்தகைய கடைகள் வரிசையாக மூடப்பட்டன. உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்று பெயர்பெற்ற, 1894-ல் தொடங்கிய கார்டிஃப் நகரின் 'ஸ்பில்லர்ஸ்' கடையே வாடகைப் பிரச்னையில் தத்தளித்து, 2010-ல் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. 2008 முதல் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கொண்டாடப்படும் 'ரெக்கார்ட் ஸ்டோர் டே' கடைகளுக்குக் கொஞ்சம் உயிர் தந்தது. அன்று மட்டும் வெளியாகும் சிறப்புத் தட்டுகளுக்காக முதல் நாள் ராத்திரியே போர்வையோடு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. 2024-ல் பிரிட்டனில் விற்ற வினைல் ஆல்பங்கள் சுமார் 67 லட்சம். தொடர்ந்து 17-வது ஆண்டாக ஏறுமுகம்.

கடைக்காரர்கள் இன்னொரு உத்தியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆல்பம் வாங்கினால் கச்சேரிக்கு டிக்கெட்! லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனில் உள்ள 'பேங்க்வெட் ரெக்கார்ட்ஸ்' இதில் கில்லாடி. பக்கத்து அரங்கை எடுத்து, ஆல்பம் வெளியாகும் வாரத்தில் குழுவை வாசிக்க வைக்கிறது. தட்டு விற்கிறது, ரசிகனுக்குக் கச்சேரி கிடைக்கிறது, குழுவுக்கு அந்த வார விற்பனைப் பட்டியலில் இடமும் கிடைக்கிறது. லீட்ஸ் நகரின் 'ஜம்போ', 'க்ராஷ்' கடைகளில் தட்டு வாங்கும் கவுன்டரிலேயே ஊர்க் கச்சேரிகளுக்கான டிக்கெட்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

1,500 பவுண்டில் என்ன மிஞ்சும்?

ஆக, முதல் கதவு ஓரளவு தப்பித்துவிட்டது. இப்போது சிக்கல் இரண்டாவது கதவுக்கு.

சின்ன அரங்கில் ஒரு கச்சேரி என்றால் பெரும்பாலும் மூன்று குழுக்கள். முதல் குழு ஏறும்போது அறையில் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். அதில் பாதி வாசிப்பவர்களின் நண்பர்கள். ஆனால், ரசிகர்கள் சிலர் அந்த முதல் குழுவுக்காகவே சீக்கிரம் வருவார்கள். அடுத்த மாதம் அதே குழு வேறோர் அறையில் இரண்டாவதாக ஏறும். அங்கேயும் போவார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில் உள்ள 'விண்ட்மில்' என்ற பப்பில் 'பிளாக் மிடி' குழு வளர்ந்தது அப்படித்தான். இணையத்தில் அவர்கள் பாட்டு கிட்டத்தட்ட எதுவுமே இல்லாத நாளில், பார்த்தவர் சொல்லிப் பார்க்காதவர் வந்து கூட்டம் சேர்ந்தது. 2019-ல் அவர்களின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட லேபிள், அதே ரஃப் ட்ரேட்!

இந்த அறைகளின் வரவுசெலவு பரிதாபமானது. டிக்கெட் 10 பவுண்ட், 150 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,500 பவுண்ட். வரி செலுத்தும் அரங்கம் என்றால் அதில் 250 பவுண்ட் நேராக அரசுக்கு. மிச்சத்தில் மூன்று குழுக்கள், சவுண்டு இன்ஜினீயர், வாசல் காவலர், மின்சாரம், வாடகை. டிக்கெட்டில் விழும் துண்டை பார் வியாபாரத்தில்தான் ஒட்ட வேண்டும்.

சிறிய இசை அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கும் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' அமைப்பின் கணக்குப்படி, 2023-ல் மட்டும் பிரிட்டனில் 125 அரங்குகள் நேரடி இசையைக் கைவிட்டன. இயங்கியவற்றின் சராசரி லாபம் வெறும் 0.5 சதவிகிதம். அந்த டிசம்பரில் மூடப்பட்டவற்றில் ஒன்று பாத் நகரின் 'மோல்ஸ்'. 1978-ல் தொடங்கிய இடம். ஓயாசிஸும் ரேடியோஹெட்டும் பெரிய ஆளாவதற்கு முன் நின்று வாசித்த மேடை அது.

வாடகையும் வரியும் போக, புது வில்லங்கம் பக்கத்து வீடு. பழைய கிடங்குகளை அடுக்குமாடியாக மாற்றுகிறார்கள். 'கலைகள் நிறைந்த பகுதி' என்று விளம்பரம் செய்து வீட்டை விற்கிறார்கள். குடிவந்த பிறகு, அந்தக் கலையின் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. தூங்க நினைப்பவர் மீதும் தப்பு சொல்ல முடியாது.

நைட் அண்ட் டே கஃபேக்கும் இதே கதைதான். பக்கத்தில் குடியிருந்தவரின் புகாரைத் தொடர்ந்து, 2021 நவம்பரில் மான்செஸ்டர் நகராட்சி சத்தத் தடுப்பு நோட்டீஸ் அனுப்பியது. 'வீட்டுக்கு அனுமதி கொடுத்தபோது ஒலித் தடுப்பைச் சரியாகப் பார்க்காதது யார் குற்றம்?' என்பது அரங்கத்தின் வாதம். வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2024 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு நோட்டீஸை ரத்து செய்யவில்லை, திருத்தியது. இரவு 11 மணிக்கு மேல் நடக்கும் டிஜே நிகழ்ச்சிகளுக்குத்தான் சத்தக் கட்டுப்பாடு. மாலைக் கச்சேரிகள் பிழைத்தன. ஆனால், 0.5 சதவிகித லாபத்தில் ஓடும் தொழிலில் இரண்டு ஆண்டு வக்கீல் செலவு எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள்.

டிக்கெட்டுக்கு ஒரு பவுண்ட்

அதே 2024-ல், அதே மான்செஸ்டரில், 23,500 பேர் கொள்ளும் 'கோ-ஆப் லைவ்' அரங்கம் திறக்கத் தயாரானது. பெரிய அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்டை எடுத்துச் சின்ன அரங்குகளுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம். கோ-ஆப் லைவ் மேலாளரோ, சில சின்ன அரங்குகள் மோசமாக நிர்வகிக்கப்படுகின்றன என்று பேட்டி கொடுத்தார். அதே வாரத்தில் அவருடைய அரங்கின் திறப்பே தள்ளிப்போனது, அவரும் பதவி விலகினார். கச்சேரிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், மே 14 அன்று ஒருவழியாகத் திறந்த அந்த மேடையில் முதலில் வாசித்தது 'எல்போ' குழு. அதன் பாடகர் கை கார்வி யார் தெரியுமா? நைட் அண்ட் டே கஃபேக்கு நெருக்கடி வந்தபோது, தங்கள் குழுவின் வளர்ச்சியில் அந்த அறைக்குப் பங்குண்டு என்று வெளிப்படையாக ஆதரவு கொடுத்தவர்!

அந்த ஒரு பவுண்ட் யோசனையை நாடாளுமன்றக் குழுவும் அதே மாதம் பரிந்துரைத்தது. நவம்பரில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டமாக அல்ல, 'நீங்களாகவே கொடுங்கள்' என்று. கோல்ட்பிளே குழு 2025-ல் லண்டன் வெம்ப்ளியிலும் ஹல் நகரிலும் நடத்திய கச்சேரிகளின் தன் வருமானத்தில் 10 சதவிகிதத்தைச் சின்ன அரங்குகளுக்கு ஒதுக்கியது. எல்லோரும் கோல்ட்பிளே அல்லவே!

ரசிகர்களோ அரசுக்காகக் காத்திருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறு சிறு பங்குகளாகப் பணம் போட்டு, அரங்குகளின் கட்டடங்களையே வாங்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். முதலில் வாங்கியது 2023 அக்டோபரில், மான்செஸ்டரை ஒட்டிய ஆதர்ட்டன் ஊரில் உள்ள 'தி ஸ்நக்'. பகலில் காபி கடை, இரவில் சுமார் நூறு பேர் நிற்கும் கச்சேரி அறை. நடத்துவது பழைய ஆட்களேதான். மாறியது வாடகை வாங்குபவர் மட்டும்.