லீக் பந்தயமும் நாட்கணக்கும்

கல்முனை போன்ற ஊரில் ரெனிஸ் கழகமொன்று லீக் பந்தயம் நடாத்த முன்வருமாயின், முதற்கண் எண்ணத்தக்கது வெற்றிக் கேடயமன்று, நாட்கணக்கேயாம்.

1877இல் விம்பிள்டனில் நிகழ்ந்த முதற் பந்தயத்திற் கலந்துகொண்டோர் 22 பேர். தோற்றவர் விலகும் முறையாதலின் முதற் சுற்றோடு பாதிப்பேரின் ஆட்டம் முடிந்தது. அம்முறையை நம்மூர்க் கழகம் கைக்கொண்டால், புதிதாய் மட்டை பிடித்த இளைஞர் ஒருமுறை தோற்றபின் களத்தையே மறந்துவிடுவர். லீக்கிலோ கடைசிக் குழுவும் இறுதிவரை ஆடும். இதன்பொருட்டே யாம் அதனை விரும்புகிறோம்.

ஆயின் அதற்கு நாள் வேண்டும். ஆறு குழுக்களெனின் 15 சந்திப்புகள், எட்டெனின் 28. அறுவருள் ஒரு குழுவை அசையாது நிறுத்தி, ஏனைய ஐந்தையும் வாரந்தோறும் வட்டமாக ஓரிடம் நகர்த்துக. வாரம் மூன்று சந்திப்பாக, எவரும் ஒருவரையே இருமுறை எதிர்கொள்ளாது, ஐந்து வாரத்தில் யாவும் முடியும்.

நம் கரையில் ஐப்பசி முதல் தை வரை மாரி. அப்போது களம் நம் வசமில்லை. நோன்பு மாதமோ ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருவது. சென்ற ஆண்டின் அட்டவணையைப் பார்த்தெழுதுவோர் இதனை மறத்தலாகாது. பொழுது சாய்ந்தால் இருளும் விரைந்து கவியும். மஹ்ரிபுக்கு முன் ஆட்டம் முடிய, 1971இல் விம்பிள்டனும் ஏற்றுக்கொண்ட ரை-பிறேக் விதி துணைசெய்யும். மழையால் நின்ற ஆட்டங்களுக்கென இரண்டு சனிக்கிழமைகளை வெறிதே விட்டுவைத்தல் நன்று.